துணை எஞ்சினுக்கு ஏற்ற எரிபொருள்

புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைக்குச் செல்லும் மின்மகிழுந்தின் மின்கலத்தில் ஆற்றல் குறைந்தால், துணை எஞ்சின் மின்னியற்றியைச் சுழற்றிப் பயணத்தைத் தொடரச் செய்யும். நகருக்குள் மட்டும் ஓடும் நாள்களில் அவ்வெஞ்சினுக்கு வேலை இராது. எரிபொருள் மாதக்கணக்கில் கலனிலேயே தேங்கும். ஆகவே, எரிபொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அது கெடாமலிருக்கும் காலத்தையும் கருத வேண்டும். பெட்ரோல் ஆவியாதலாலும் ஆக்சிஜனேற்றத்தாலும் நாளடைவில் தரம் குன்றும். அதனுடன் 20 விழுக்காடு வரை கலக்கப்படும் எத்தனால், காற்றின் ஈரத்தை ஈர்க்கும்; கடலோர ஊர்களில் இது கூடுதல் கவனத்திற்குரியது. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த செவர்லே வோல்ட் மகிழுந்து, இறுக மூடிய கலனைக் கொண்டிருந்தது. ஏறத்தாழ ஓராண்டு தேங்கிய பெட்ரோலை, எஞ்சினைத் தானே இயக்கி எரித்துத் தீர்த்தது. அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு அவ்வாறு கெடுவதில்லை. எனினும், அதற்குக் கனமான உருளையும் மிகுந்த இடமும் தேவை.