ஒளிப்படத்தில் உருவைச் சுற்றி வெளிக்கோடு சேர்த்தல்

ஒளிப்படத்தில் உள்ள ஆள், விலங்கு அல்லது பொருளின் விளிம்பை ஒட்டிச் சீரான தடிமனில் நிறக்கோடு இடுவது வெளிக்கோடு சேர்த்தல் எனப்படும். அடோபி ஃபோட்டோஷாப்பில் இவ்வசதிக்கு ‘ஸ்ட்ரோக்’ என்று பெயர். கோட்டை மென்பொருள் நொடியில் போட்டுவிடும். ஆனால் அது நன்றாக அமைவது, உருவைப் பின்னணியிலிருந்து எவ்வளவு துல்லியமாகப் பிரித்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பயன்

உருவும் பின்னணியும் ஒத்த நிறத்தில் இருந்தால் கண்ணால் அவற்றைப் பிரித்தறிவது கடினம். கறுப்பு முடி இருண்ட பின்னணியில் மறைந்துவிடும். இடையில் ஒரு வெள்ளைக் கோடு வந்தால் உருவம் தனித்துத் தெரியும். காணொளிகளின் முகப்புப் படங்களிலும் சுவரொட்டிகளிலும் இம்முறை பரவலாகக் காணப்படுகிறது.

வாட்ஸ்அப் ஸ்டிக்கர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் அளவு 512 × 512 பிக்சல். உருவைச் சுற்றி 8 பிக்சல் தடிமனில் வெள்ளைக் கோடும், பட ஓரத்தில் 16 பிக்சல் இடைவெளியும் இருக்க வேண்டும் என்று அந்நிறுவனத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. பெறுபவரின் உரையாடல் திரை எந்த நிறத்தில் இருந்தாலும் ஸ்டிக்கர் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

செயல்படும் விதம்

பின்னணி நீக்கிய படத்தில், நிறத் தகவலுடன் ஆல்ஃபா எனப்படும் ஒளிபுகு தகவலும் இருக்கும். 8 பிட் படத்தில் 0 என்றால் முழு வெறுமை, 255 என்றால் முழு உரு. மென்பொருள் இந்த ஆல்ஃபா வடிவத்தைக் குறிப்பிட்ட பிக்சல் அளவு விரித்து, விரிந்த பகுதியை நிறத்தால் நிரப்புகிறது. அதனால் வெட்டிய விளிம்பில் பிசிறோ பள்ளமோ இருந்தால் கோடும் அதன்படியே வளையும். முன்பு கண்ணுக்குத் தெரியாத குறையும் கோடு போட்டபின் தெரிந்துவிடும்.

ஃபோட்டோஷாப்பில் செய்முறை

1. 2018இல் அறிமுகமான ‘செலக்ட் சப்ஜெக்ட்’ கட்டளையால் உருவைத் தெரிவு செய்து, விடுபட்ட இடங்களைக் கையால் திருத்த வேண்டும்.
2. கண்ட்ரோல், ஜே விசைகளை ஒருசேர அழுத்தினால் உரு புதிய லேயருக்கு வரும். பூட்டிய ‘பேக்கிரவுண்ட்’ லேயரில் லேயர் ஸ்டைல் இட முடியாது.
3. ‘லேயர்’ பட்டியலில் ‘லேயர் ஸ்டைல்’ வழியாக ‘ஸ்ட்ரோக்’ திறந்து தடிமன், இடம், நிறம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

‘அவுட்சைடு’ என்பது கோட்டை உருவுக்கு வெளியே வைக்கும். ‘இன்சைடு’ உருவின் மேலேயே வைப்பதால் விரல், காது போன்ற மெல்லிய பகுதிகளை மூடிவிடும். ‘சென்டர்’ பாதி உள்ளும் பாதி வெளியும் வைக்கும். ஆட்களின் படத்துக்கு ‘அவுட்சைடு’ ஏற்றது. லேயர் ஸ்டைலாக இட்ட கோட்டைப் பின்னர் மாற்றலாம், நீக்கலாம். ‘எடிட்’ பட்டியலில் உள்ள ‘ஸ்ட்ரோக்’ அப்படியல்ல. அது படத்தின் பிக்சல்களிலேயே பதிந்துவிடும்.

கிம்ப்பில் செய்முறை

இலவசக் கட்டற்ற மென்பொருளான கிம்ப்பில் இதே விளைவைப் படிப்படியாகப் பெறலாம்.

1. பின்னணி நீக்கிய லேயரில் ‘ஆல்ஃபா டு செலக்சன்’ கொடுக்க வேண்டும்.
2. ‘செலக்ட்’ பட்டியலில் ‘குரோ’ வழியாகத் தெரிவை வேண்டிய பிக்சல் அளவு விரிக்க வேண்டும்.
3. படத்தின் முழு அளவில் புதிய லேயர் உருவாக்கி, அதை உருவின் லேயருக்குக் கீழே வைத்து, தெரிவை நிறத்தால் நிரப்ப வேண்டும்.

கோடு தனி லேயரில் இருப்பதால் உரு சிதையாது.

தடிமன்

பிக்சல் எண்ணிக்கை மட்டும் தடிமனைத் தீர்மானிப்பதில்லை; படத்தின் அளவையும் பார்க்க வேண்டும். 512 பிக்சல் அகல ஸ்டிக்கரில் தெளிவாகத் தெரியும் 8 பிக்சல் கோடு, 4000 பிக்சல் அகலப் படத்தில் மயிரிழை போலத் தெரியும். அங்கு அதே தோற்றத்துக்கு ஏறத்தாழ 62 பிக்சல் தேவை. படத்தின் மேல் எழுதும் எழுத்துக்கு இதைவிட மெல்லிய கோடு போதும். தடித்த கோடு ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகளை அடைத்து வாசிப்பைக் கெடுக்கும்.

பொதுவான குறைகளும் தீர்வும்

- பழைய பின்னணியின் நிறம் உருவின் ஓரத்தில் ஒட்டியிருந்தால், வெட்டும் முன் தெரிவை ஓரிரு பிக்சல் உள்நோக்கிச் சுருக்கலாம்.
- தனித்தனி முடியிழைகள் கோட்டைக் கரடுமுரடாக்கும். அவற்றை விட்டுவிட்டுத் தலையின் பொது வடிவத்தை மட்டும் தெரிவு செய்வது நல்லது.
- மார்பளவில் வெட்டுண்ட ஆளின் கீழ்ப்பகுதியில் நேர்க்கோடு தோன்றும். முகப்புப் படத்தில் அப்பகுதியைப் படத்தின் கீழ் ஓரத்தோடு பொருத்தினால் அது மறையும்.
- ஜேபெக் வடிவம் ஒளிபுகு தகவலைச் சேமிக்காது. வெறுமையான பகுதி பெரும்பாலும் வெள்ளையாக மாறுவதால் வெள்ளைக் கோடு அதில் கரைந்துவிடும். ஆகவே பிஎன்ஜி அல்லது வெப்பி வடிவில் சேமிக்க வேண்டும்.

முடித்த படத்தை வெள்ளை, கறுப்பு ஆகிய இரு பின்னணிகளிலும், அது கைபேசியில் தோன்றும் சிறிய அளவிலும் வைத்துப் பார்த்தால் எஞ்சிய குறைகள் தெரியவரும்.