உடுவில் பள்ளியின் கதை

யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக்குச் சமீபத்தில் உடுவில் என்றொரு கிராமம் உண்டு. செம்மண் தோட்டங்களும் பனைமரங்களும் சூழ்ந்த அவ்வூரில் 1824-ஆம் ஆண்டு அமெரிக்க மிஷன் பாதிரிமார் பெண் குழந்தைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளியை ஸ்தாபித்தார்கள். 2024-ஆம் ஆண்டில் அதற்கு இருநூறு வயது நிறைந்தது. உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் எனக்கு அப்பள்ளியின் சரித்திரத்தைப் படிக்கும்தோறும் வியப்புத் தட்டுவது அதன் நீண்ட ஆயுள் அன்று; முதற்பெண் எப்படி அதன் வாயிற்படி ஏறினாள் என்பதே.

அக்காலத்து நிலைமையை நேயர்கள் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஆடல் பாடலைத் தொழிலாகக் கொண்ட மகளிருக்கே எழுத்து வேண்டும், குலப்பெண்ணுக்கு அது ஆகாது என்பது பொதுவான எண்ணம். அதற்குமேல், அந்நிய மதத்தார் வீட்டில் உண்டு உறங்குவதென்றால் சாதியே போயிற்று என்று பொருள். இந்நிலையில் எந்தத் தாய் தன் மகளை அனுப்புவாள்?

பள்ளியைத் தொடங்கியவர் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார். பிற்காலத்தில், 1862-இல், பெரியதொரு தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்ட மிரன் வின்ஸ்லோவின் மனைவி இவர். மிஷன் சரித்திரங்களில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. சிறுமிகள் இருவர் அம்மையாரின் வீட்டை எட்டிப் பார்த்துப் போவது வழக்கமாம். ஒரு நாள் மாலை பெருமழை பிடித்துக்கொண்டது. வீடு திரும்ப வழியில்லை. பசியோ பொறுக்க முடியவில்லை. அவ்வீட்டில் உணவு நடந்தது, இரவும் கழிந்தது. பெற்றோர் கலங்கினார்கள். ஆயினும், நேர்ந்தது நேர்ந்துவிட்டதென்று மனம் தேறி, அங்கேயே இருந்து படிக்கட்டும் என்று விட்டுவிட்டார்களாம். பிரசங்கம் செய்யாத காரியத்தை மழை செய்தது!

ஆனால் மழையை மட்டும் நம்பிப் பள்ளி நடத்த முடியுமா? உணவும் உடையும் இலவசமாக அளிக்கப்பட்டன. அதுவும் போதாமல், படித்து முடித்த பெண்ணின் விவாகத்துக்கு மிஷனே சீதனம் கொடுக்கும் ஏற்பாடும் இருந்தது. மகளுக்குச் சீதனம் சேர்க்க வகையின்றித் தவித்த தகப்பனாருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

மிஷனாருக்கும் இதில் ஒரு நோக்கம் உண்டு. அதை மறைத்துச் சொல்வது நியாயமன்று. 1823-இல் வட்டுக்கோட்டையில் வாலிபர்களுக்கு உயர்தரக் கலாசாலை ஒன்றை அவர்கள் நிறுவியிருந்தார்கள். அங்கே கற்றுக் கிறிஸ்தவராகும் வாலிபருக்கு ஏற்ற மனைவியர் வேண்டும். அவர்கள் மூலம் கிறிஸ்தவக் குடும்பங்கள் வளரவேண்டும். பெண்ணின் படிப்பு பெண்ணுக்காகவே என்ற கருத்து இன்னும் முளைக்கவில்லை.

வின்ஸ்லோ அம்மையார் 1833-இல் தமது முப்பத்தாறாம் வயதில் யாழ்ப்பாணத்திலேயே காலமானார். அவருக்குப்பின் ஸ்பால்டிங் தம்பதிகள் பொறுப்பேற்றனர். 1840-இல் எலிசா அக்னியூ என்ற மாது வந்து சேர்ந்தார். மணம் புரியாதவர், வந்தபின் ஒருமுறைகூடத் தம் தாய்நாடு திரும்பாதவர். 1879-இல் ஓய்வு பெறும்வரை அவரிடம் கற்றவர் ஆயிரத்துக்கு மேல். தாயும் மகளும் பேத்தியும் ஒருவரிடமே பாடம் கேட்ட குடும்பங்கள் உண்டு. 1883-இல் மானிப்பாயில் அவர் மறைந்தபோது, ‘ஆயிரம் பெண்களின் தாய்’ என்ற பெயரே மிஞ்சியது.

அம்மாணவிகளில் பாதிக்கு மேற்பட்டோர் கிறிஸ்தவம் தழுவினார்கள் என்பதும் உண்மை. சைவ உலகம் இதைக் கண்டு வருந்தியது. வருந்தியதோடு நிற்காமல் விழித்தும் கொண்டது. ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி கண்டார். பெண்களுக்கென்றே சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913-இல் ஒரு கல்லூரி எழுப்பினார். எங்கே தெரியுமா? உடுவிலுக்கு அருகே, மருதனார்மடத்தில்! அயலார் ஏற்றிய விளக்கைக் குறைகூறுவதைக் காட்டிலும் நம் வீட்டில் ஒரு விளக்கு ஏற்றுவதே சிறந்த மறுமொழியல்லவா?

உடுவிலும் மாறியது. 1941-இல் அமெரிக்க மாதரிடமிருந்து தலைமைப் பதவி தமிழ்ப் பெண்மணி ஒருவரின் கைக்கு வந்தது. ஏரியம் ஹட்சன் பரமசாமி என்ற அவ்வம்மையார் 1970 வரை அப்பொறுப்பை வகித்தார். 1960-ஐ அடுத்து இலங்கை அரசாங்கம் உதவி பெறும் பள்ளிகளை ஏற்றுக்கொண்டபோதும், உடுவில் தனிப்பள்ளியாகவே நின்றது. பிறருக்கு மனைவியராகப் பெண்களைப் பயிற்றத் தொடங்கிய இடத்தில், பெண்ணே தலைவியாக அமர்ந்தாள். ஸ்தாபகர் குறித்த எல்லையை மாணவிகள் தாண்டிவிட்டார்கள். நல்ல பள்ளிக்கு அடையாளம் வேறென்ன வேண்டும்?

ஒன்று மட்டும் என் மனத்தை உறுத்துகிறது. அன்று பெண் படிக்கவேண்டுமென்பதற்காகப் பள்ளி சீதனம் கொடுத்தது. இன்றோ, பட்டம் பெறும்வரை மகளைப் படிக்கவைத்த பெற்றோர், அப்படிப்புக்கு மேலே சீதனமும் கொடுக்கவேண்டியிருக்கிறது. இருநூறு வருஷத்தில் நம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குப் பெண் தேடும் நாம் என்ன கற்றுக்கொண்டோம்?