ஐப்பசியில் ஒரு வீடு!

பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு வட்டக்கோட்டையே சாட்சி. கன்யாகுமரிக்கு வடகிழக்கே, கடலை ஒட்டி நிற்கும் இந்தக் கருங்கல் கோட்டைக்குப் பெயர்தான் வட்டம், வடிவமோ நீள்சதுரம்! 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவிடம் சிறைப்பட்ட டச்சுக்காரத் தளபதி டிலனாய், பின்னர் அதே மகாராஜாவின் சேனையில் சேர்ந்து பலப்படுத்திக் கொடுத்த கோட்டை இது. அடிக்காத அலை இல்லை, பெய்யாத மழை இல்லை. ஆனாலும் சுவர் அசையவில்லை.

இந்தக் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு காலத்தில் பட்டணம் என்றால் திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1-ந் தேதி நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது. அதுவும் ஓர் ஐப்பசி மாதம். அன்று முதல் உத்தியோகம் தேடும் பிள்ளைகளின் முகம் சென்னையை நோக்கித் திரும்பியது. இடையே சுமார் 700 கிலோ மீட்டர். பையன் சென்னையில் வேலையில் அமர்ந்ததும், வாடகை கொடுத்து மாளாது என்று கணக்குப் போட்டு, ஊரில் உள்ள தென்னந்தோப்பை விற்று அங்கே ஒரு வீடு வாங்க நினைக்கும் தகப்பனார்கள் அநேகம். தோப்பு போனால் திரும்ப வராது. ஆகவே, வாங்கும் வீடு உருப்படியாக இருக்க வேண்டும் அல்லவா?

இரண்டு மாதச் சந்தை

ஆடியில் வீடு பேசமாட்டார்கள். புரட்டாசியில் பால் காய்ச்சப் பலர் யோசிப்பார்கள். மார்கழியோ கேட்கவே வேண்டாம். இடையில் கிடைப்பவை ஐப்பசியும் கார்த்திகையும். ஐப்பசி 11, கார்த்திகை 8 இரண்டும் பஞ்சாங்கத்தில் வாஸ்து நாட்கள். ஆயுத பூஜை தொடங்கித் தீபாவளி வரை பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரங்கள்! வீடு வாங்கினால் தங்கக் காசு இலவசமாம். தங்கக் காசு யாருடைய பணம் என்று வாங்குகிறவர் யோசிப்பதில்லை.

ஆனால், இந்த இரண்டு மாதங்கள்தான் சென்னையின் அடைமழைக் காலமும். நாஞ்சில் நாட்டுக்கு இரு பருவ மழை உண்டு. சென்னைக்கோ ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டிவிடும். இதைச் சங்கடமாக நினைப்பவர்களே அதிகம். உண்மையில் இது பெரிய அதிர்ஷ்டம்! சித்திரை வெயிலில் எல்லா மனையும் மேட்டு மனைதான். மழையில்தான் குட்டு வெளிப்படும்.

நாஞ்சில் நாட்டாருக்கு இது புதிதல்ல. அங்கே பழைய மனிதர்கள் வீடு கட்டியது மேடான விளையில். நெல் விதைத்தது தாழ்வான ஏலாவில். விளை என்று முடியும் ஊர்ப் பெயர்களே அதற்கு அத்தாட்சி. சென்னையில் வீடு பார்த்துவிட்டு வந்த பையனிடம், "மழையத்து போய்ப் பாத்தியா மக்கா?" என்று ஊர்ப் பெரியவர் கேட்டால், அது வெறும் கேள்வியல்ல, பரம்பரை ஞானம்.

ஏரி எங்கே?

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. அங்கே பரந்து கிடந்த நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரியில்தான். மனிதன் மறந்தாலும் தண்ணீர் தன் பழைய வீட்டை மறப்பதில்லை. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டி மீட்டர் மழை பெய்தபோது, முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் மாடியில் நின்று படகுக்குக் காத்திருந்தவர்கள் எத்தனை பேர்! 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். லட்சக்கணக்கில் விலை கொடுத்த வீட்டில் காருக்குப் பத்திரமான இடம் மேம்பாலம்தான்!

ஆகவே, நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பார்ப்பது உத்தமம். மதில் சுவரில் பழைய தண்ணீர்க் கோடு தெரிகிறதா? தெருவின் மற்ற வீடுகளை விட ஒரு வீடு மட்டும் புதிதாக உயர்த்தப்பட்டிருக்கிறதா? எதிர் வீட்டு மளிகைக்கடைக்காரரிடம் "2015-ல் எதுவரை வந்தது?" என்று கேட்டால், தரகர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.

அடுத்தது காகிதம். கிராம 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் ஏரி, ஓடை, புறம்போக்கு என்று இருந்தால், வீடு எத்தனை அழகாயிருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடவேண்டியதுதான். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். அடுக்குமாடி வீடானால் மனையில் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்பதே முக்கியம். கட்டடம் பழசாகும், மண் ஆகாது.

2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குகிறவருக்குப் பெரிய துணை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டுகிறவர், ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. குடியேறி ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், அவர் செலவிலேயே சரி செய்து கொடுக்க வேண்டும்.

செலவுக் கணக்கிலும் கவனம் தேவை. மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் சலுகை உண்டு. தோப்பு விற்ற பணம் முழுவதையும் விலையிலேயே கொட்டிவிட்டுப் பத்திரச் செலவுக்கு அம்மாவின் சங்கிலியைக் கழற்றுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

கார்த்திகைக் கடைசியில் தரகர் ஒரு பாணம் விடுவார்: "மார்கழி பிறந்துவிடும்; இன்றே முன்பணம் கொடுத்துவிடுங்கள்." சட்டப்படி, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுகிறவர் கேட்கவே கூடாது. அதைச் சொல்லிக் குடையை மடக்கிக்கொண்டு ஊருக்கு ரயில் ஏறிவிடலாம். மார்கழி முடிய முப்பது நாள். அதற்குள் இன்னொரு மழை பெய்தாலும் பெய்யும். தெருவை மறுபடி ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.