கேம் நடுவுல கம்ப்யூட்டர் திக்குதா? புது கூலர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

செகண்ட் ஷிஃப்ட் முடிந்து, ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஏறி, படப்பையில் இறங்கி ரூமுக்கு வரும்போது இரவு 11 மணி தாண்டிவிடும். குளித்து, சாப்பிட்டுவிட்டு 'ரெண்டே ரெண்டு மேட்ச்' என்று கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். முதல் மேட்ச் சூப்பர். இரண்டாவது மேட்ச்சில், எதிரி கண் முன்னால் நிற்கும் நேரம் பார்த்து ஸ்க்ரீன் திக்குகிறது. 140-ல் இருந்த எஃப்.பி.எஸ் 50-க்கு விழுகிறது. கேபினெட்டுக்குள்ளிருந்து மிக்ஸி ஓடுவது போலச் சத்தம். நீங்க அவுட்!

தெரிந்தவர்களிடம் கேட்டால், 'லிக்விட் கூலர் போட்டுடு மச்சான்' என்பார்கள். பல ஆயிரம் ரூபாய் சமாசாரம். கம்ப்யூட்டருக்கான இ.எம்.ஐ-யே இன்னும் முடியவில்லை. கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலான நேரங்களில் இதற்குக் காசே தேவைப்படாது.

ஏன் திடீர்னு ஸ்லோ ஆகுது?

பிராசஸருக்கு ஒரு வெப்ப வரம்பு உண்டு. ஏ.எம்.டி-யின் ரைசன் 7000 வரிசையில் பல பிராசஸர்களுக்கு அது 95 டிகிரி செல்சியஸ். இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை கோர் ஐ9-களுக்கு 100 டிகிரி. அந்த வரம்பைத் தொட்டதும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் தெர்மல் த்ராட்லிங். பிரச்னை உங்கள் கேமிலும் இல்லை, நெட்டிலும் இல்லை. சூடு வெளியே போக வழி இல்லை, அவ்வளவுதான்.

முக்கியமான விஷயம்: கூலர் என்று பெயர் இருந்தாலும், அது குளிர்ச்சியைத் தயாரிப்பதில்லை. சூட்டை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கடத்துகிறது. நீங்கள் இழுக்கும் கரன்ட் முழுக்கக் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. கேம் ஓடும்போது உங்கள் கம்ப்யூட்டர் 400 வாட் எடுக்கிறது என்றால், அந்தக் காலத்து 100 வாட் குண்டு பல்பு நான்கை ரூமுக்குள் எரியவிட்டதற்குச் சமம். ஜன்னலைச் சாத்திவிட்டு விளையாடினால், அந்தச் சூட்டையே ஃபேன்கள் மறுபடி மறுபடி உள்ளே இழுக்கும். ரூமின் வெப்பம் 28-லிருந்து 38 டிகிரியானால், பிராசஸரின் வெப்பமும் கிட்டத்தட்ட அதே 10 டிகிரி ஏறும்.

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் பீக் ஹவரில் வந்திருக்கிறீர்களா? எங்கோ ஓரிடத்தில் லாரி நின்றால் பின்னால் மொத்தமும் நிற்கும். சூடும் அப்படித்தான். பிராசஸர், பேஸ்ட், கூலர், கேபினெட், ரூம், வெளியே... இதுதான் அதன் ரூட். எந்த இடத்தில் டிராஃபிக் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் ஜுரம் பாருங்க

எச்.டபிள்யூ இன்ஃபோ, எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பர்னர் இரண்டுமே இலவசம். வழக்கமாக விளையாடும் கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு, பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் 65-லிருந்து 80 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதியாக விளையாடலாம். 90-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் கவனிக்கணும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் திரும்ப அளந்து பாருங்கள். எது வேலை செய்தது என்று அப்போதுதான் தெரியும்.

இடம் சரியா இருக்கா?

கம்ப்யூட்டர் டேபிளில் கேபினெட்டுக்கென்றே ஒரு பெட்டி இருக்குமே... அது சூட்டுக்குச் சிறை. வெளியே எடுங்கள். சுவரை ஒட்டி வைக்காமல், பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தரையில் வைத்தால் பெருக்கும் தூசி நேராக உள்ளே போகும். ஒரு ஸ்டூல் அளவு உயரத்தில் வைப்பது நல்லது. லேப்டாப்பை மெத்தையிலோ தலையணையிலோ வைத்து விளையாடவே விளையாடாதீங்க. காற்று இழுக்கும் துளைகள் அடியில்தான் இருக்கின்றன.

நம்ம ஏரியா வில்லன்: தூசி

கன்டெய்னர் லாரிகள் ஓடும் மெயின் ரோடு பக்கம் ரூம் என்றால், காலையில் துடைத்த ஜன்னலில் சாயங்காலம் பெயர் எழுதலாம். அந்தத் தூசி கூலரின் தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரி படிந்துவிடும். ஒரகடத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு பைக்கின் இன்ஜினைச் சுற்றி அடுக்கடுக்காகத் தகடுகள் இருக்கும், கவனித்திருப்பீர்கள். காற்று படும் பரப்பை அதிகமாக்கிச் சூட்டை வெளியேற்றவே அவை. கூலரில் இருப்பதும் அதே ஐடியா. தூசி மூடினால் வேலை காலி.

கேபினெட்டின் ஃபில்டரை மாதம் ஒருமுறையும், உள்பக்கத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் சுத்தம் செய்யுங்கள். செய்யும் முறை இது:

* ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்துங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும்.

* கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். உடம்பிலுள்ள ஸ்டேட்டிக் கரன்ட் போய்விடும்.

* கையடக்க புளோவரால் கொஞ்சம் தள்ளி நின்று ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும்.

* பஞ்சர் கடை கம்ப்ரஸருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீங்க. அழுத்தம் அதிகம், காற்றோடு தண்ணீரும் வரும். வாக்குவம் கிளீனர், ஈரத்துணி இரண்டும் வேண்டாம்.

* பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

காற்று எந்தப் பக்கம் போகுது?

முன்பக்க ஃபேன் இழுக்கணும், பின்பக்கமும் மேல்பக்கமும் இருப்பது தள்ளணும். சிலர் அசெம்பிள் செய்யும்போது எல்லாவற்றையும் இழுக்கிற மாதிரியே மாட்டிவிடுவார்கள். ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிட்டே காட்டினால் தெரிந்துவிடும். ஒட்டிக்கொண்டால் இழுக்கிறது, பறந்தால் தள்ளுகிறது. இழுப்பது தள்ளுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால், இண்டு இடுக்கு வழியாகத் தூசி நுழைவது குறையும்.

பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைக்கும் டெக்னிக்? ஒருநாள் அவசரத்துக்கு ஓகே. பழக்கமாக்கினால் தூசியோடு பல்லியும் குடிவரும்.

பேஸ்ட் காய்ஞ்சு போச்சா?

பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட், காலப்போக்கில் காய்ந்துவிடும். சுத்தம் செய்த பிறகும் வெப்பம் இறங்கவில்லை, கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு, மூன்று வருடமாகிறது என்றால் மாற்றிப் பாருங்கள். பழையதை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். டூத் பேஸ்ட் வைக்கும் வீடியோக்களை நம்பாதீங்க. சீக்கிரமே காய்ந்து உங்களைப் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். பழைய ஏ.எம்.டி பிராசஸர்களில் கூலரை நேராக இழுத்தால் பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, ஆஃப் செய்து, லேசாகத் திருகி எடுக்கணும். தைரியம் இல்லையா? கடையில் கொடுத்துச் செய்வதில் தப்பே இல்லை.

சூட்டையே குறைக்கலாமே!

உங்கள் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால், ஒரு விநாடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். வேலரன்ட் 200 எஃப்.பி.எஸ்-ல் ஓடினால் மிச்சம் 140-ல் பெரும்பகுதி உங்கள் கண்ணுக்கே வராது. ஆனால் சூடு மட்டும் வரும். கேம் செட்டிங்ஸில் எஃப்.பி.எஸ்-க்கு லிமிட் போடுங்கள். போட்டிகளில் ஆடுகிறவர்கள் வேண்டுமானால் அந்த நேரத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கதை சொல்லும் கேம்களுக்கு 60 தாராளம். ஃபேன் சத்தமும் கரன்ட் செலவும் சேர்ந்து குறையும்.

கடைசி ஸ்டாப்: உங்கள் ரூம்

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் ரூம்களில், பகல் முழுக்க வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவிலும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டு ஓனர் சம்மதித்தால் மாடியில் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கலாம். தண்ணீர் ஊற்றும் ஏர் கூலரை மட்டும் கேபினெட் பக்கம் திருப்பாதீங்க. சென்னைப் பக்கத்துக் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். இன்னும் ஈரத்தை ஏற்றினால் போர்டில் துரு பிடிக்கும்.

பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, கருகிய வாசம் வந்தாலோ கேமை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கம்ப்யூட்டரையும் தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ராடையும் சேர்த்துச் செருகுவது, ரூமுக்கே ஆபத்து.

அப்போ எப்போதான் காசு செலவு பண்றது?

இடம் மாற்றுவது, தூசி தட்டுவது, எஃப்.பி.எஸ் லிமிட்... இவை கிட்டத்தட்ட இலவசம். அடுத்தது பேஸ்ட், ஒரு கூடுதல் ஃபேன். சில நூறு ரூபாயில் முடியும். அதற்கும் அடங்காவிட்டால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு நல்ல ஏர் கூலர் பாருங்கள், பிராசஸரின் மேல் மாட்டும் டவர் வகை. லிக்விட் கூலர் எல்லாவற்றுக்கும் கடைசி. அதுவும் லாரி ரேடியேட்டர் மாதிரிதான். தண்ணீர் சூட்டைச் சுமந்து வந்தாலும், அதை ஆற்றுவது உங்கள் ரூமில் இருக்கும் அதே காற்றுதான். ரூம் அடுப்பாக இருந்தால் அது மட்டும் என்ன செய்யும்?

ஒன்றை மறந்துடாதீங்க பாஸ். பிராசஸர் 95 டிகிரி வரை தாங்கும். சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்களுக்கு அந்த ஆட்டோமேட்டிக் வசதி இல்லை. அக்னி நட்சத்திர நேரத்தில் மூடிய ரூமில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், முதலில் த்ராட்டில் ஆவது நீங்கள்தான். பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால், அந்த இரண்டாவது மேட்ச்சை லீவு நாளுக்குத் தள்ளிவைங்க!