ஒரே ஜன்னல், பல காலைகள்

மனம் இளைப்பாறப் படமெடுக்க வேண்டுமென்றால் மலைவாசஸ்தலம் தேடிப் போக வேண்டியதில்லை. செக் நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஜோசப் சுடெக், பிராக் நகரில் தன் ஸ்டூடியோவின் ஜன்னலை 1940 முதல் 1954 வரை படமெடுத்துக்கொண்டே இருந்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர் அவர். நாஜிகளின் பிடியில் பிராக் இருந்த காலத்தில்தான் இந்தப் படங்களைத் தொடங்கினார். கண்ணாடியில் படிந்த பனி, வழிந்தோடும் மழைநீர், முற்றத்தில் வளைந்து நின்ற ஒரு மரம், ஜன்னல் திட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர். இவ்வளவுதான். ஆனால் பார்க்கப் பார்க்க, அவசரமே இல்லாத அந்த மனிதரின் நிதானம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது.

கண்டதையெல்லாம் க்ளிக் செய்து தள்ளுவது வேறு. அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவற்றைவிட அவை குறைவாகவே நினைவில் நின்றன. ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தபோது அந்த மறதி ஏற்படவில்லை!

இப்படி நிதானமாகப் படமெடுக்கச் செல்பேசியே போதும். நாளைக் காலை, சமையலறை ஜன்னல் வெயில் எந்தப் பாத்திரத்தின் மேல் விழுகிறது என்று முதலில் சற்று நேரம் பாருங்கள். அப்புறம் ஒரே ஒரு படம். தினமும் அதே இடம், அதே நேரம். சில மாதங்கள் கழித்து வரிசையாக வைத்துப் பார்த்தால், வெயில் இடம் மாறியிருப்பது உங்களுக்கே தெரியும்.