குற்றத்துக்கு முன்பே எழுதப்படும் மனு: வன்கொடுமைத் தடுப்பில் குடியிருப்பு மக்களின் பங்கு

மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் சென்ற ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். அது திடீரென வெடித்த வன்முறை அன்று. அந்த ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டபோது, 1996இல் வேட்புமனு தாக்கல் செய்தவர்களே மிரட்டலுக்கு அஞ்சி விலக நேர்ந்தது. கொலைகளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஆபத்தின் அறிகுறிகள் ஊருக்கும் தெரிந்திருந்தன, அரசுக்கும் தெரிந்திருந்தன.

சாதிய வன்கொடுமை பெரும்பாலும் முன்னறிவிப்புடனேயே வருகிறது. வயல் வேலைக்கு அழைப்பது நின்றுபோகும். கடையில் பொருள் தர மறுப்பார்கள். திருவிழா ஊர்வலப் பாதையை ஒட்டித் தகராறு எழும். காதல் மணம் புரிந்தவர்களின் வீட்டுக்கு மிரட்டல் வரும். இவற்றை முதலில் காண்பவர்கள் காவலர்கள் அல்லர். அக்கம்பக்கத்தில் வாழும் நம் மக்களே. கண்டதை அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதே நம் கேள்வி.

தடியேந்தி இரவில் காவல் நிற்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. கேரளத்தின் அட்டப்பாடியில் 2018 பிப்ரவரியில், உணவுப் பொருள் திருடியதாகக் குற்றஞ்சாட்டி, மது என்னும் பழங்குடி இளைஞரை ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. திருட்டைத் தடுக்கிறோம் என்று கூடியவர்களே கொலையாளிகளாயினர். 2023இல் 14 பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் என அறிவித்தது. சட்டத்தைக் கையிலெடுக்கும் கூட்டம் ஆதரவற்றவர்களையே முதலில் குறிவைக்கும். நம் இளைஞர்கள் தடியெடுத்தால் எதிர்வழக்குக்கும் அதுவே காரணமாகிவிடும்.

நமக்கான காவல் கருவி எழுத்து. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தண்டனைச் சட்டமாக மட்டுமே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதன் 17ஆம் பிரிவு தடுப்பு நடவடிக்கையைப் பற்றியது. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதோர் வன்கொடுமையில் ஈடுபடக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தால், மாவட்ட ஆட்சியரோ, கோட்டாட்சியரோ, துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரியோ அப்பகுதியை வன்கொடுமைக்கு வாய்ப்புள்ள பகுதியாக அறிவித்து, அமைதி காக்க நடவடிக்கை எடுக்கலாம். அத்தகைய பகுதிகளில் தேவைப்பட்டால் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்யவும், சிறப்புக் காவல் படையை நிறுத்தவும் 1995ஆம் ஆண்டு விதிகளின் 3ஆம் விதி இடமளிக்கிறது.

இந்த அதிகாரத்தை இயக்குவது தகவல். ஆகவே தெருவுக்குச் சிலர் கூடி ஒரு குறிப்பேடு தொடங்கலாம். நாள், நேரம், இடம், மிரட்டியவர், அவர் சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றன்றே எழுத வேண்டும். கைப்பேசியில் உள்ள ஒலிப்பதிவையும் வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் காக்க வேண்டும். இவற்றைக் கொண்டு மனு எழுதி, பலரும் கையொப்பமிட்டு, ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் கோட்டாட்சியருக்கும் ஒப்புகை பெறும் வசதியுடன் விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். ஒருவர் மட்டும் கையொப்பமிட்டால் அவரை மிரட்டிப் பணியவைப்பது எளிது. நாற்பது பேரை அப்படிச் செய்வது கடினம். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு நடந்தாலோ, அப்படிச் செய்வதாக மிரட்டினாலோ, அதுவே 2016 முதல் இச்சட்டத்தின்கீழ் குற்றம். அதற்குத் தடுப்பு மனுவோடு நில்லாமல் புகாரும் கொடுக்க வேண்டும்.

ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்கிறது 17ஆம் விதி. அதில் பட்டியல் சாதி, பழங்குடியினரைச் சேர்ந்த, அலுவலர் அல்லாத உறுப்பினர்களும் உண்டு. மனுவின் நகலை அவர்களிடம் சேர்த்து, அடுத்த கூட்டத்தில் எழுப்பக் கோரலாம்.

மனு கொடுத்ததும் ‘இரு தரப்பு அமைதிப் பேச்சுவார்த்தை’ என்று அழைப்பு வரக்கூடும். மிரட்டியவரையும் மிரட்டப்பட்டவரையும் ஒரே தட்டில் வைப்பது 17ஆம் பிரிவின் நோக்கம் அன்று. அது யாரிடமிருந்து வரும் ஆபத்தைப் பேசுகிறது என்பதில் ஐயமே இல்லை. இதை எழுத்தில் சுட்டிக்காட்ட நாம் தயங்கக் கூடாது.

கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு 4ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. நிர்வாக விசாரணையின் பரிந்துரை இருந்தால்தான் அந்த வழக்கு நகரும் என்பது உண்மையே. ஆனால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அதிகாரி தப்பும் வழியை, அஞ்சலகம் தரும் அந்த ஒப்புகை அடைத்துவிடுகிறது. படித்த பிள்ளைகள் ஊருக்குச் செல்லும் அடுத்த விடுமுறையில், முதல் குறிப்பேட்டை அவர்களே வாங்கித் தொடங்கட்டும்.