பாறைக்கு ஒரு வண்டி, சாலைக்கு ஒரு வண்டி

மஞ்சக்குப்பத்தில் நின்று சுற்றிப் பார்த்தால் பாறை என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படாது. கிழக்கே தேவனாம்பட்டினத்து மணல், வடக்கே பெண்ணையாற்று வண்டல், தெற்கே கெடிலம். தென்மேற்கே இருக்கும் கேப்பர் மலைக்கு மலை என்று பெயர் இருந்தாலும், அது செம்மண்ணும் மணற்கல்லும் சேர்ந்த மேடுதான். ஆனால் பழைய தென்னாற்காடு மாவட்டத்தின் கலெக்டர் ஆபீஸ் மஞ்சக்குப்பத்தில் இருந்த காலத்தில், செஞ்சியின் உருண்டைப் பாறைக் குன்றுகளும் கள்ளக்குறிச்சி பக்கத்துக் கல்வராயன் மலையும் இதே மாவட்டத்தில்தான் இருந்தன. 1993-இல் மாவட்டம் பிரிந்ததும் பாறை எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது, கடலும் மணலும் இந்தப் பக்கம் நின்றுவிட்டன. ஆசை மட்டும் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. 2020-இல் புதிய மஹிந்திரா தார் வந்த பிறகு, பழைய ஜீப் ஒன்றை வாங்கி, பாறை ஏறும் வண்டியாகத் தானே கட்ட வேண்டும் என்ற பேச்சை அடிக்கடி கேட்க முடிகிறது. அப்படித் திட்டமிடுகிற ஒவ்வொருவரும் நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கேள்விக்கு விடை எழுதிவிட வேண்டும்: வண்டி ஓடப்போவது சாலையிலா, பாறையிலா? இரண்டுக்கும் ஒன்று என்று எழுதினால் திட்டம் அங்கேயே கெட்டுப்போகிறது. இயந்திரக் கணக்கும் அதைத்தான் காட்டுகிறது, சட்டமும் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துகிறது.

முதலில் கணக்கு. சாதாரணமாக நடக்கிற மனிதன் மணிக்கு 5 கிலோமீட்டர் போவான். பாறை மேல் ஏறுகிற வண்டி அதில் பாதி வேகம் போனாலே அதிகம். அந்த நிதானத்தைக் கொடுப்பது கியர். முதல் கியரின் விகிதம் 4, டிரான்ஸ்ஃபர் கேஸின் 'லோ' விகிதம் 2.5, ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியனின் விகிதம் 4 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 40. என்ஜின் 40 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். ஐடிலிங்கில் என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று போனால் சக்கரம் 20 சுற்று. 35 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு 2.8 மீட்டர் உருளும், ஆக மணிக்கு 3.3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தட்டையான கல்லில் இது போதும், படிபடியாக நிற்கும் பாறையில் இதுவே ஓட்டம். டிரைவர் கிளட்சை அரைகுறையாக மிதித்துச் சமாளிப்பார், கிளட்ச் பிளேட் கருகும். அதே என்ஜினை 100 மடங்குக்குக் கொண்டுவந்தால் வேகம் மணிக்கு 1.3 கிலோமீட்டராக இறங்கும். கிளட்சைத் தொடாமல், பிரேக்கையும் அதிகம் மிதிக்காமல், எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் ஏற வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைக்கலாம். கம்பெனியிலிருந்தே பாறைக்காக வரும் ஜீப் ராங்ளர் ரூபிகானில் இந்தப் பெருக்கல் 77-ஐத் தொடுகிறது. அதன் 'லோ' மட்டுமே 4 மடங்கு.

இதைப் பார்த்தாலே, திட்டம் போடுகிறவர்கள் முதலில் என்ஜினைத் தேடிப் போவது ஏன் வீண் என்று புரியும். பழைய மஹிந்திரா எம்.எம்.540 ஜீப்பில் வந்த 2,112 சி.சி. பீஜோ டீசல் என்ஜினின் திறன் 60 குதிரைத்திறனைச் சுற்றித்தான். அது போதாது என்று பெரிய என்ஜின் தேடுவார்கள். என்ஜின் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கொடுத்தால், 100 மடங்கு கியரில் அது சக்கரத்துக்கு 10,000 ஆகப் போய்ச் சேரும். 35 அங்குல டயரின் விளிம்பில் அது ஏறக்குறைய 2,300 கிலோ தள்ளுவிசை. உராய்வில் போவதைக் கழித்தாலும், 1,800 கிலோ வண்டியை நெட்டுக்குத்தாகத் தூக்குகிற அளவுக்கு விசை மிஞ்சுகிறது. அதற்கு மேல் குதிரைத்திறன் சேர்த்தால் அந்த மிச்சம் டயரைச் சறுக்க வைக்கும், இல்லையென்றால் ஆக்சில் ஷாஃப்டை முறிக்கும். என்ஜினில் கவனிக்க வேண்டியது வேறு. வண்டி 40 டிகிரி சாய்வில் சில நிமிடம் அப்படியே நின்றால் சம்ப்பில் இருக்கும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும், பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும். ஆயில் பிக்கப் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது, எத்தனை சிலிண்டர் என்று பார்ப்பதைவிட முக்கியம்.

அடுத்தது டயர். வண்டியை உயர்த்த வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை உயர்த்தினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். முழு ஆக்சில் உள்ள ஜீப்பில் ஸ்பிரிங்கை எவ்வளவு தூக்கினாலும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முதலில் இடிப்பது அந்த உருண்டைதான். அதை உயர்த்துவது டயர் ஒன்றே. பழைய ஜீப்பின் 6.00-16 டயர் 29 அங்குலம் உயரம் வரும். 35 அங்குலத்துக்கு மாறினால் ஹவுசிங் 3 அங்குலம் உயரும். ஆனால் அந்த 3 அங்குலத்துக்கு ஆக்சில் விலை கொடுக்கிறது. 29 அங்குலச் சக்கரத்துக்காகச் செய்த ஷாஃப்டும் கிரவுன் பினியனும், ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் நீளமுள்ள நெம்புகோலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே டயரைத் தீர்மானித்தால் ஆக்சில் தீர்மானமாகிவிடும், ஆக்சிலைத் தீர்மானித்தால் கியர் விகிதம் தீர்மானமாகிவிடும், அதற்குப் பிறகுதான் சேசிஸ். இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்தவர்கள் ஒவ்வொரு பாகத்தையும் இரண்டு முறை வாங்குகிறார்கள்.

இனி லாக்கர். இதைக் கடலூர் மாவட்டத்து விவசாயிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. சிதம்பரம் பக்கத்து நஞ்சையில் சேறடிக்கும்போது டிராக்டரின் ஒரு பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கி வெறுமனே சுற்றும், மற்றச் சக்கரம் அசையாமல் நிற்கும். டிரைவர் இருக்கைக்குக் கீழே இருக்கும் சின்ன மிதியைக் குதிகாலால் அழுத்துவார். உள்ளே பல் கோத்துக்கொள்ளும், இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும், வண்டி சேற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வரப்பை ஒட்டித் திரும்புவதற்கு முன் காலை எடுத்துவிடுவார், இல்லையென்றால் டிராக்டர் திரும்பாது. பாறை வண்டியின் லாக்கர் செய்வது இதே வேலைதான். பாறை மேல் நான்கு சக்கரங்களில் ஒன்றோ இரண்டோ எப்போதும் அந்தரத்தில் தொங்கும். லாக்கர் இல்லாவிட்டால் விசை எல்லாம் அந்தரத்தில் தொங்கும் சக்கரத்துக்கே போகும். முன்னும் பின்னும் லாக்கர் போடப் பணம் இல்லையென்றால், அலாய் சக்கரத்தையும் விளக்கு வரிசையையும் தள்ளிவைத்துவிட்டு லாக்கருக்குக் காசு சேர்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாறையில் நன்மையாக இருக்கிற ஒவ்வொன்றும் சாலையில் என்ன ஆகிறது என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பற்றவைத்து ஒரேயடியாகப் பூட்டிய டிஃபரன்ஷியல், தார் சாலையின் வளைவில் உள்சக்கரத்தையும் வெளிச்சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுற்ற வைத்து வண்டியை நேராகவே தள்ளும். மழையில் அது ஆபத்து. பாறைக்காக 10, 12 பி.எஸ்.ஐ.க்குக் காற்றை இறக்கிய டயர், கல்லைக் கை விரித்துப் பிடிப்பதுபோலப் பிடிக்கும். அதே காற்றோடு புதுச்சேரி சாலையில் 60-இல் போனால் பக்கச் சுவர் சூடேறிக் கிழியும். முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பாறை இடுக்கில் பெரிய டயரை ஒரு விரலால் திருப்ப வைக்கும். ஆனால் கையிலிருக்கும் வளையத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பு எதுவும் கிடையாது. ஹோஸ் வெடித்தால் வேகத்தில் போகும் வண்டியை யாராலும் பிடிக்க முடியாது. உயர்ந்த ஸ்பிரிங், நீண்ட ஆட்டம், மேலே போன எடை எல்லாம் இதே கதைதான். இரண்டுக்கும் பொதுவாகக் கட்டுகிறவர் ஒவ்வொன்றையும் பாதியாக்கி, இரண்டு இடத்திலும் நம்ப முடியாத வண்டியைப் பெறுகிறார்.

சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக, ஆர்.சி. புக்கில் இருக்கும் விவரம் பொருந்தாதபடி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. டயர், ஆக்சில், சேசிஸ், ஸ்டீயரிங் என்று கணக்கிட்டால் பாறை வண்டியில் மாறாதது எதுவும் இல்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கப்போவதும் இதைத்தான். இன்னொரு பக்கம், 1988 சட்டத்தின் 2(28) பிரிவு, தொழிற்சாலை அல்லது வேறு அடைக்கப்பட்ட வளாகத்துக்குள் மட்டும் பயன்படும்படி அமைந்த தனிவகை வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைக்கிறது. அந்த வரி எந்த வண்டிக்குப் பொருந்தும் என்பது எளிதான கேள்வி அல்ல. சுரங்க டம்பர்களைப் பற்றி 1974-இன் போலானி ஓர்ஸ் வழக்கு முதல் நீதிமன்றங்கள் விவாதித்து வந்திருக்கின்றன. ஆகவே வக்கீலிடம் கேட்காமல் இதில் காலை வைக்கக் கூடாது. ஆனாலும் திசை தெளிவு: சாலைக்கே வராத வண்டி என்று முதல் நாளே முடிவு செய்தவருக்கு ஒரு வழி திறந்திருக்கிறது, சாலைக்கும் வரும் என்று சொல்பவருக்கு அது மூடியிருக்கிறது.

இதற்கு வரும் வலுவான மறுப்பு கொழுக்குமலை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கல் பாதையில் ஏறும் ஜீப்புகள் கீழே தார் சாலையிலும் ஓடுகின்றனவே, இரண்டுக்கும் ஒரே வண்டி முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்பார்கள். அந்தப் பாதை கரடுமுரடான பாதை, ஆனாலும் பாதை. நான்கு சக்கரமும் பெரும்பாலும் தரையில் இருக்கும். அங்கே வேலை செய்வது கம்பெனி கொடுத்த 'லோ' கியரும், தினமும் அதே கல்லைப் பார்க்கிற டிரைவரின் கண்ணும்தான். 1953-இல் கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதையில் ஜீப்பர்ஸ் ஜாம்போரி என்ற கூட்டுப் பயணம் முதன்முதலில் நடந்தபோதும் அந்தக் காலத்து ஜீப்புகள்தான் போயின. அந்த அளவு போதும் என்றால் பாறை வண்டி கட்டவே வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் ஒரு ஃபோர் வீல் ஜீப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொள்வதே அறிவு. ஒரு ஆள் உயரப் பாறைப் படியில் ஏற வேண்டும் என்பவருக்கு மட்டும்தான் நான் இரண்டாவது வண்டியைச் சொல்கிறேன்.

இரண்டு வண்டிக்குப் பணம் எங்கே என்பது அடுத்த மறுப்பு. நியாயமான கேள்வி. ஆனால் சாலைக்கு வராத வண்டிக்குக் கதவு வேண்டாம், மேற்கூரை வேண்டாம், டிங்கரிங், பெயின்ட், ஏசி எதுவும் வேண்டாம். எஃப்.சி.க்குத் தகுதியில்லாமல் ஒதுக்கிய பழைய வண்டிகளின் ஆக்சிலும் கியர் பாக்ஸும் சென்னைப் புதுப்பேட்டையில் கிடைக்கும். மிச்சமாகும் பணம் போக வேண்டிய இடம் ரோல் கேஜ். அதற்கு ஜி.ஐ. தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைப்பது உயிரோடு விளையாடுவது. துத்தநாகப் பூச்சு பற்றவைப்பைக் கெடுக்கும், வெல்டரின் நுரையீரலையும் கெடுக்கும். 3 மில்லிமீட்டர் கனமுள்ள நல்ல எஃகு டியூப், வளைக்கும் இடத்தில் நசுங்காத பெண்டிங், ஆளை இருக்கையோடு பிடித்து வைக்கும் நான்கு முனை பெல்ட், இவற்றில் பேரம் பேசக் கூடாது. பாறையில் வண்டி கவிழ்வது வழக்கமாக நடப்பதுதான். மெதுவாகக் கவிழ்ந்தாலும் 1,800 கிலோ அதே 1,800 கிலோதான். வின்ச்சும் அப்படியே: வண்டி எடையின் ஒன்றரை மடங்கு இழுக்கும் வின்ச், அதாவது 2.7 டன்னுக்குக் குறையாமல்.

சட்டம் இப்படி இருந்தால் நம்மூர்த் திறமை செத்துப்போகாதா என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு உண்டு. கடலூர் முதுநகரின் படகு வேலையைப் பார்த்துத் தேறிய வெல்டரும், டிராக்டர் கிரவுன் பினியனைக் கண்ணாலேயே பார்த்துச் செட் பண்ணும் மெக்கானிக்கும், லேத் பட்டறைக்காரரும் சேர்ந்தால் கட்ட முடியாத வண்டி இல்லை. பிரிட்டனில் ஒருவர் தன் ஷெட்டில் கட்டிய ஒற்றை வண்டியைக்கூட அரசு ஆய்வு மையத்தில் காட்டி, தேர்ச்சி பெற்றால் பதிவு செய்துகொள்ளும் முறை இருக்கிறது. இங்கே மாதிரி வண்டிச் சோதனை விதிகள் பெரிய தயாரிப்பாளரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. ஒரகடத்தில் சோதனை மையம் இருக்கிற மாநிலத்தில், தனி ஆள் கட்டும் வண்டிக்குப் பிரேக், ஸ்டீயரிங், புகை மூன்றையும் சோதித்துச் சான்று தரும் வழி ஒன்று வேண்டும். அது வரும்வரை விதியை ஏமாற்றிச் சாலையில் ஓட்டுகிறவர், அந்த வழி வருவதைத்தான் தள்ளிப்போடுகிறார். அவர் ஒருவரை இடித்தால் அடுத்த தடை எல்லாருக்கும் சேர்த்துத்தான் வரும்.

எங்கே ஓட்டுவது என்பதும் திட்டத்தின் பகுதிதான். கல்வராயனின் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் வண்டி நுழைவது வனக்குற்றம். ஓடைப் பாறையில் சிந்தும் ஒரு லிட்டர் கியர் ஆயில் கீழே குடிதண்ணீருக்குத்தான் போகும். செஞ்சியை நினைத்தே பார்க்கக் கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அந்தக் கோட்டை, 2025-இல் மராத்தியக் கோட்டைகளோடு யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலிலும் சேர்ந்திருக்கிறது. மிஞ்சுவது தனியார் நிலம். வானூர் வட்டத்தில் திருவக்கரையைச் சுற்றிக் கல்குவாரிகள் இருக்கின்றன. வேலை ஓய்ந்த ஒரு குவாரியின் ஓரத்தை, உரிமையாளரின் எழுத்து அனுமதியோடும் கனிம வளத் துறைக்குத் தெரிவித்தும், தண்ணீர் தேங்கிய குழிக்கு வேலி போட்டும், இந்தப் பகுதி ஆர்வலர்கள் கூட்டாகக் குத்தகைக்கு எடுப்பது நடக்கக்கூடிய காரியம். அடைக்கப்பட்ட வளாகம் என்ற சட்டச் சொல்லுக்கும் அதுதான் பக்கத்தில் வரும். கோவாவில் 2014 முதல் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியிலும் எல்லையிட்ட, கண்காணிப்புள்ள களத்தில்தான் வண்டிகள் இறங்குகின்றன.

மஞ்சக்குப்பத்திலிருந்து வானூர் பக்கம் போக வண்டியை லாரியில்தான் ஏற்ற வேண்டும். பெரிய டயரோடு அகலமான ஆக்சில் போட்டால் பாறையில் கவிழ்வது குறையும், ஆனால் லாரியின் பக்கப் பலகைகளுக்கு நடுவே வண்டி உட்காராது. ஆகவே சேசிஸ் வரைவதற்கு முன், ஆக்சில் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போவதற்கும் முன், வாடகைக்குக் கிடைக்கும் லாரியின் உள் அகலத்தை டேப் வைத்து அளந்து, இரண்டு பக்கமும் கயிறு போட ஒரு சாண் கழித்து, மிச்சத்தை நோட்டின் முதல் பக்கத்தில், அந்த ஒற்றைக் கேள்விக்குக் கீழே எழுதிக்கொள்ள வேண்டும்.